காலையுணவும் கடல் வாணிகமும்

உலக மக்கள் காலையில் உண்ணும் உணவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதாயினும், பழைய நாளில் அவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. யப்பானியர் சோற்றோடு சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்த மிசோச் சாற்றை அருந்தினர். எகிப்தியர் மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்த அவரையை அப்பத்தோடு உண்டனர். தென்சீனர் அரிசிக் கஞ்சி குடித்தனர்; மெக்சிக்கோ நாட்டார் சோள அடை சுட்டனர்; யாழ்ப்பாணத்து உழவர் பழஞ்சோற்றையோ ஒடியற் பிட்டையோ உண்டு வயலுக்குச் சென்றனர். ஒரு நாட்டின் நிலத்தில் எது விளைந்ததோ அதுவே அந்நாட்டாரின் காலைக்கலத்தில் இருந்தது.

இப்பொது விதிக்குப் பெரியதொரு விலக்காக அமைந்தது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் தொழிலாளியின் காலையுணவு. அவன் உண்ட பாண் ஒன்றே அந்நாட்டு மண்ணில் விளைந்தது. பாணோடு அவன் குடித்த தேநீரின் இலை சீனத்திலிருந்து வந்தது. அதில் இட்ட சீனி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. தன் ஊரெல்லையைத் தாண்டியறியாத ஏழை ஒருவன், உலகின் இரு கோடிகளில் விளைந்த பொருள்களைக் கொண்டு நாள்தோறும் பசியாறினான். செல்வருக்கு இது வியப்பன்று. ஏழைக்கு இது வாய்த்தது எவ்வாறு என்பதும், அதற்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதும் வரலாற்று மாணவர் ஆராயத்தக்கன.

இடைக்கால ஐரோப்பாவில் காலையுணவு மதிப்புக்குரியதொன்றாக இருக்கவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருவேளை உண்பதே முறையெனக் கொள்ளப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனஸ் என்னும் இறையியலறிஞர், உரிய வேளைக்கு முன் உண்பதையும் பெருந்தீனிக் குற்றத்தின் வகைகளுள் ஒன்றாக எண்ணினார். குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் முதியோருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. உடலால் உழைப்போரும் காலையில் ஏதேனும் உண்டனர். ஆகவே காலையில் உண்பது எளியோர் செயலாகவும் கருதப்பட்டது. காலையுணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நோன்பு முறித்தல் என்பதே பொருள்.

16ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 1512ஆம் ஆண்டிற் தொடங்கும் நோதம்பலாந்துப் பிரபுவின் வீட்டுக் கணக்கேடு ஒன்று இன்றும் உளது. பிரபுவும் அவர் மனைவியும் தவக்காலத்துக் காலைகளில் உண்டவை அதில் விரிவாகக் குறிக்கப்பட்டுள்ளன: பாண், உப்பிட்ட மீன், கெரிங்கு மீன்கள், ஒரு குவாட்டுப் பியர், ஒரு குவாட்டு வைன். நோன்புக் காலத்து உணவே இதுவாயின் ஏனைய நாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. காலையிலேயே மதுவா என இன்றைய வாசகர் திகைத்தல் கூடும். வாற்கோதுமையில் வடித்த இலேசான பியர் அந்நாளில் ஆடவர், பெண்டிர், சிறுவர் அனைவருக்கும் உணவாகவே இருந்தது. சிற்றூரார் பியரோடு பாணும் பாற்கட்டியும் உண்டனர். வட பகுதியினரும் இசுக்கொத்துலாந்தினரும் ஓற்சுக் கூழ் காய்ச்சினர். எல்லாம் அந்நாட்டு விளைபொருள்களே.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று புதிய பானங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இலண்டனை அடைந்தன. அமெரிக்காவிலிருந்து சொக்கலேற்றும், அரேபியாவிலிருந்து கோப்பியும், சீனத்திலிருந்து தேயிலையும் வந்தன. இலண்டனின் முதற் கோப்பிக்கடை 1652இல் திறக்கப்பட்டது. கடற்படை அலுவலராயிருந்த சாமுவேல் பீப்பிஸ் 1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் தாம் முதன்முறையாகத் தேநீர் அருந்தியதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டாண்டுகளின் பின் இரண்டாம் சாள்ஸ் மன்னரை மணந்து வந்த போர்த்துக்கேய இளவரசி கதரீன், தேநீரை அரண்மனை வழக்கமாக்கினார். முதலில் மூன்றினுள்ளும் கோப்பியே முந்திநின்றது. தேயிலை வாணிகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பனியின் தனியுரிமையாக இருந்தமையாலும், கம்பனி ஆண்டுதோறும் அதைப் பெருகப் பெருகக் கொணர்ந்தமையாலும், காலப்போக்கில் தேயிலையே வென்றது.

அரசு தேயிலைமீது மிகுந்த தீர்வை விதித்தது; அதனாற் கள்ளக் கடத்தல் பெருகிற்று. கடற்கரைச் சிற்றூர்களில் வழிபாட்டுத் தலங்களின் நிலவறைகள்கூடத் தேயிலைக் கிடங்குகளாயின. 1784ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் வில்லியம் பிற் அத்தீர்வையை நூற்றுக்கு 119 வீதத்திலிருந்து பன்னிரண்டரை வீதத்துக்குக் குறைத்தார். அதனால் நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்ய வீட்டுச் சாளரங்களின் மீதான வரி உயர்த்தப்பட்டது. வெளிச்சத்துக்கு வரி கூட்டித் தேயிலைக்கு வரி குறைத்த இச்சட்டத்தின் பின்னர், கடத்தற்காரரின் தொழில் நசித்தது. தேயிலை குடிசைகளையும் அடைந்தது.

ஏழைகள் தேநீர் அருந்தத் தலைப்பட்டதைச் செல்வர் பலர் வெறுத்தனர். யோனாஸ் ஹன்வே என்பார் 1756இல் வெளியிட்ட நூலில், தேநீர் மக்களின் உடல்நலத்தையும் நாட்டின் செல்வத்தையும் ஒருங்கே கெடுக்கின்றது எனக் கடிந்தார். அகராதி இயற்றிய சாமுவேல் யோன்சன் அந்நூலுக்கு மதிப்புரை எழுதியபோது, தாம் நெடுங்காலமாகத் தேநீரை அளவின்றி அருந்துபவர் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொண்டு ஹன்வேயை எள்ளி நகையாடினார். எனினும் யோன்சனும் ஏழையின் பக்கம் நின்றாரல்லர். அது ஓய்வுடையோர்க்கு உரிய பானம் என்பதே அவர் கருத்தும். பின்னாளில் உழவர்க்காகப் பரிந்து பேசிய வில்லியம் கொபெற்றும், குடியானவன் தேநீரைக் கைவிட்டு வீட்டிலே பியர் வடிக்க வேண்டும் என 1820களில் வற்புறுத்தினார். இவர்கள் அனைவரும் ஏழையின் தேநீரை ஆடம்பரமாகவோ சோம்பலின் அடையாளமாகவோ கண்டனர்.

அது தவறு என்பதை எடுத்துக்காட்டியவர் பாக்சயர் மாவட்டத்து பாக்கம் என்னும் சிற்றூரின் குருவாயிருந்த டேவிட் டேவிஸ். அவர் 1787ஆம் ஆண்டு தொடக்கம் தம் ஊர்க் கூலியாள்களின் வீடு வீடாகச் சென்று வரவு செலவைக் கேட்டெழுதி, 1795இல் நூலாக வெளியிட்டார். பொருளியல் என்னும் துறை இளமைப் பருவத்தில் இருந்த காலத்தில் இத்தகைய உழைப்பு போற்றற்குரியது. டேவிஸ் காட்டிய உண்மை வருமாறு. முன்னர் ஊர்ப் பொதுநிலத்தில் மேய ஏழைகள் பலருக்கு ஒரு பசுவேனும் இருந்தது. பொதுநிலங்களைப் பெருநிலக்காரர் வேலியிட்டு அடைத்துக்கொண்ட பின் பசு போயிற்று. பசுவோடு பாலும் போயிற்று. முளைத்தானியத்தின்மீது விதித்த வரியால் வீட்டிற் பியர் வடித்தல் கைக்கெட்டாததாயிற்று. பொதுநிலத்துச் சுள்ளியும் புல்லும் இல்லாமற் போகவே விறகும் விலைப்பொருளாயிற்று. அடுப்பெரித்துக் கூழ் காய்ச்சவும் பாண் சுடவும் வழியின்றி, கடைப்பாணை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. எஞ்சியது யாது? ஊற்று நீரைக் கேத்தலிற் கொதிக்கவைத்து, மலிந்த தேயிலை சிறிதிட்டு, பழுப்புச் சீனியால் இனிப்பூட்டிய ஒரு கோப்பை. குளிர்ந்த பாணை உள்ளே இறக்க அது உதவிற்று. ஆறிய உணவைச் சூடான உணவுபோலத் தோன்றச் செய்தது. தேநீர் வறுமைக்குக் காரணமன்று, வறுமையின் விளைவே என்பது டேவிஸ் கண்ட முடிவு. காலையுணவைப் பற்றி எழுந்த ஆங்கில நூல்களுள் இதனினும் நுணுகிய பார்வை உடையதைக் காண்டல் அரிது. சமையற் குறிப்புகளை எழுதியோர் உணவைக் கண்டனர். டேவிஸ் அடுப்பைக் கண்டார்.

பாலில்லாத் தேநீர் கசக்கும். கசப்பை மாற்றியது சீனி. 1700ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஒருவர் ஓராண்டில் உண்ட சீனி ஏறத்தாழ 4 இறாத்தல். 1800இல் அது 18 இறாத்தல். 1900இல் 90 இறாத்தல். 18ஆம் நூற்றாண்டில் இச்சீனியின் பெரும்பகுதி பார்படோஸ், யமேக்கா முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விளைந்தது. பார்படோசில் 1640களில் கரும்புப் பயிர் பரவிற்று; யமேக்காவை ஆங்கிலேயர் 1655இல் இசுப்பானியரிடமிருந்து கைப்பற்றினர். தோட்டங்களில் உழைத்தோர் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகள். பிரித்தானியக் கப்பல்கள் மட்டும் ஏறத்தாழ 30 இலட்சம் ஆபிரிக்கரை அத்திலாந்திக்கைக் கடந்து ஏற்றிச் சென்றன. வழியில் இறந்து கடலில் எறியப்பட்டோர் பல இலட்சம்.

காலையில் இடும் ஒரு கரண்டிச் சீனிக்குப் பின்னே இக்கொடுமை இருப்பதை மக்கள் உணராமலே இருந்தனர் என்று சொல்லுதற்கில்லை. 1791இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டமுன்வரைவு பாராளுமன்றத்தில் தோல்வியுற்றதும், வில்லியம் பொக்ஸ் என்பார் சீனியை விலக்குமாறு மக்களை வேண்டும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். மூன்று இலட்சம் பேர் வரை மேற்கிந்தியச் சீனியைக் கைவிட்டதாக, அடிமை ஒழிப்பியக்கத் தலைவருள் ஒருவரான தோமஸ் கிளாக்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்களே இம்முயற்சியில் முன்னின்றனர். வீட்டில் எப்பொருள் வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையாவது அவர்களிடம் இருந்தது. அடிமை வாணிகம் 1807இலும், அடிமை முறை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிக்கப்பட்டன. அடிமைகளை இழந்த உடைமையாளருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கு ஒரு சதமும் வழங்கப்படவில்லை.

அடிமை போனான், கரும்பு போகவில்லை. 1834 முதல் மொரீசியசுக்கும், 1838 முதல் பிரித்தானியக் கயானாவுக்கும் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து துரூரோ என்னும் கப்பலில் நேற்றாலை அடைந்தோரும் கரும்புத் தோட்டங்களுக்கென்றே அழைக்கப்பட்டவர்கள். தமிழர் ஆங்கிலேயரின் காலையுணவு வரலாற்றிற் புகுந்தது முதலில் இவ்வழியேயாம்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஆலைத்தொழில் வளர்ந்தது. விடியுமுன் ஆலைக்குட் புகுந்து, இடையில் மணியடிக்கும்போது சிறிது நேரத்தில் உண்டு முடிக்க வேண்டிய தொழிலாளருக்குத் தேநீரும் பாணும் ஏற்றவையாயின. செல்வர் வீடுகளில் நிலை வேறு. முட்டை, பன்றியிறைச்சி, சிறுநீரகக் கறி, தோடம்பழ மாமலேட் எனப் பல வகைகள் விக்ரோறியா காலத்து மேசைகளை நிறைத்தன. இந்தியாவிலிருந்து மீண்ட அலுவலர் கொண்டுசென்ற கிச்சடி, பருப்பை இழந்து, புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும் பெற்று, கெட்ஜரி என்னும் பெயரோடு அம்மேசையில் ஏறியது. தமிழ்ச் சமையற்காரர் ஒருவர் அதைக் கண்டிருப்பின் அடையாளம் கண்டிருப்பாரோ என்பது ஐயமே.

தேயிலைக்குத் திரும்புவோம். சீனர் தேயிலைக்கு வெள்ளியையே விலையாகக் கேட்டனர்; ஆங்கிலேயரின் கம்பளித் துணி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வெள்ளி வற்றுவதைக் கண்ட கம்பனி, பீகாரிலும் வங்காளத்திலும் உழவரைக் கொண்டு அபினி விளைவித்துக் கல்கத்தாவில் ஏலமிட்டது. தனி வணிகர் அதை வாங்கிச் சீனத்துட் கடத்தினர். சீன அரசு அபினியைக் கைப்பற்றி அழித்தபோது 1839இல் போர் மூண்டது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் ஹொங்கொங் பிரித்தானியரின் உடைமையாயிற்று. சீனத்தையே நம்பியிருத்தல் ஆபத்தானது என உணர்ந்தவர்கள், அசாமில் இயல்பாக வளர்ந்த தேயிலையைப் பயிராக்கினர். அசாம் தேயிலை 1839இல் இலண்டன் ஏலத்துக்கு வந்தது.

இலங்கை மலைநாட்டில் அப்போது கோப்பியே பயிராயிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் இசுக்கொத்துலாந்தினர் கண்டியை அடுத்த லூல்கந்துறைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் இலங்கையிலிருந்து இலண்டன் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. நூற்றாண்டு முடியும்போது தேயிலை பயிரான நிலம் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொதிகளிற் கட்டித் தம் மளிகைக் கடைகளில் மலிவாக விற்றார். பிரித்தானியாவில் ஒருவர் ஓராண்டில் அருந்திய தேயிலை 1840இல் ஒன்றேகால் இறாத்தல் அளவாயிருந்து 1900இல் 6 இறாத்தலாயிற்று. சீனத் தேயிலை ஏறத்தாழ மறக்கப்பட்டது.

இத்தேயிலையை நட்டோரும் கொய்தோரும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் எண்ணிறந்தோர். தலையில் மூட்டையும் கங்காணியிடம் பட்ட கடனுமாகத் தோட்டத்தை அடைந்தவர்க்குத் துண்டு முறையால் அக்கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கும் உடன் சென்றது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

லயங்களில் விடியுமுன் தப்பு முழங்கியதும் எழுந்து பிரட்டுக்களத்துக்கு விரைய வேண்டும். பெண்கள் அதற்கும் முன்னரே எழுந்து அடுப்பு மூட்டினர். முன்னாளில் தோட்டம் கூலியிற் கழித்துக்கொடுத்த அரிசியே அவர்களுடைய முதல் உணவு. எஞ்சிய சோறு காலைக்கு உதவிற்று. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டில் அரிசி குறைந்து, கோதுமை மா அதனிடத்தைப் பெற்றது. அது முதல் லயத்துக் காலையுணவு ரொட்டியும் சாயத்தண்ணீருமாக நிலைபெற்றது. பாலற்ற அத்தேநீரை, உள்ளங்கையில் வைத்த சிறிது சீனியையோ சர்க்கரையையோ நக்கிக்கொண்டு குடித்தனர். உயர்ந்த தரத் தேயிலை பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புக்குச் சென்றது. தொழிலாளிக்குக் கிடைத்தது தூள்.

இவ்வுணவை டேவிஸ் கண்டிருப்பின் உடனே இனங்கண்டிருப்பார். 1795இல் அவர் பாக்கம் சிற்றூரில் விவரித்த காலையுணவும் இதுவேயன்றோ? விலைக்கு வாங்கிய கோதுமை, பாலில்லாத் தேநீர், சிறிது சீனி. காரணங்களும் அவையே: பயிரிடச் சொந்த நிலமில்லை, பலருக்குப் பசு இல்லை, சமைக்க நேரமில்லை. கோதுமையோ இலங்கையில் விளைவதேயில்லை. பாக்கம் ஊரான் தன் தேயிலையைக் கண்ணாற் கண்டதில்லை. மலைநாட்டான் அதைக் கையாற் கொய்தான் என்பதே வேறுபாடு. இங்கிலாந்துத் தொழிலாளிக்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலும் முட்டையும் பன்றியிறைச்சியும் சிறிது சிறிதாகத் திரும்பக் கிடைத்தன.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அரசு தேநீரைப் படைக்கலத்துக்கு நிகராக மதித்தது. 1940 யூலையில் வாரத்துக்கு ஒருவருக்கு 2 அவுன்சு எனப் பங்கீடு விதித்து, தேயிலையை அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்தது. போர்க்காலத்தில் பங்கீடு செய்யப்படாத பாண், போர் முடிந்தபின் 1946 யூலையில் பங்கீட்டுக்கு உட்பட்டு, 1948 யூலையில் விடுபட்டது. அதே 1948ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் அச்சட்டத்தால் நாடற்றோராயினர். மறு ஆண்டு வாக்குரிமையும் இழந்தனர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னைக்கு விடப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து மாவின் விலை ஏறியபோது ரொட்டியும் அரிதாயிற்று. தோட்டங்களிற் பசியால் இறந்தோர் உளர்.

பாட்டனார் மன்னார்க் கரையில் இறங்கி நடந்த வழியைப் பேரர் புகைவண்டியிற் கடந்து, தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்றனர். அவர்களுட் பலர் நீலகிரியிற் குடியேற்றப்பட்டனர். தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அவர்களுக்கென அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. காடு வெட்டிக் கன்று நட்ட அம்மக்கள், புதிய லயங்களிலும் விடியுமுன் எழுந்து, சாயத்தண்ணீர் குடித்துவிட்டுக் கொழுந்து கொய்யச் சென்றனர்.